வேலிக்கு ஓணான் சாட்சி

"கிடுகுவேலிக் கலாசாரம்" என்ற சொற்றொடர் புலம்பெயர்ந்தோர் சஞ்சிகைகளில் நீண்ட காலமாக ஒரு வசைச்சொல்லாகவே புழங்கி வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தவரின் ஒளிவுமறைவு, சாதித்தடிப்பு, பெண்களை வளவுக்குள் அடைத்து வைத்தல், இரண்டு விரற்கடை நிலத்துக்காக இருபது வருடம் கோட்டுக்கு அலைதல் என எல்லாவற்றுக்கும் அந்த வேலியே குறியீடாயிற்று. இவ்விமர்சனத்தில் பெருமளவு உண்மை உண்டு. அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் வேலியைக் குறியீடாகவே பேசிப் பேசி, வேலி என்ற பொருளை நாம் மறந்துவிட்டோம் என்பது எனது அபிப்பிராயம். அது எதனால் ஆனது, அதன் குழை யாருக்குப் போனது, எல்லையில் நின்ற மரம் அயலவரின் கூரைமேல் சாய்ந்தால் என்ன நடந்தது என்று எவரும் கேட்பதில்லை. வரலாறு படிப்பித்த காலத்தில் நானும் கேட்கவில்லை. தேசவழமை தொகுக்கப்பட்ட ஆண்டு 1707 என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன்.

இப்போது கேட்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. ஊரில் பூட்டிக் கிடக்கும் எங்கள் வளவுக்கு அடுத்த வளவு ஐயா எடுத்திருந்தார். "தம்பி, உங்கட மாமரத்தின்ர கொப்பு எங்கட ஓட்டுக்கு மேல வந்திட்டுது. காத்துக்கு முறிஞ்சு விழுந்தா ஓடு மிஞ்சாது. உங்களைக் கேளாமல் கைவைக்க மனமில்லை, வெட்டட்டோ?" என்றார். சகோதரங்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நாங்கள் மூன்று நாடுகளில் இருக்கிறோம். மரம் யாருடைய பங்கில் நிற்கிறது என்பதே எங்களுக்குள் தீராத பேச்சு. கேட்டுச் சொல்ல எனக்கு ஒன்றரை வருடம் எடுத்தது. இந்தக் கட்டுரை அந்த ஒன்றரை வருடத்தின் வெட்கத்தில் எழுதப்படுகிறது.

முதலில் வேலி எதனால் ஆனது என்று பார்ப்போம். குடாநாட்டின் பழைய வேலி பெரும்பாலும் உயிர்வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்கு ஆகியவற்றின் தடிகளைக் கதியாலாக வெட்டி நட்டால் மாரி மழையோடு வேர்பிடித்துத் தளிர்த்துவிடும். மத்திய அமெரிக்காவிலிருந்து தோட்டப்பயிர்களுக்கு நிழல் மரமாக இலங்கைக்கு வந்த சீமைக்கிளுவை பின்னாளில் இவற்றோடு சேர்ந்துகொண்டது. கதியாலுக்குக் கதியால் வரிச்சுப் பிடித்து, பனையோலையாலோ தென்னங்கிடுகாலோ அடைப்பார்கள். ஓலை ஓரிரு வருடத்தில் உக்கிப்போகும். கதியாலோ தலைமுறைக்கு நிற்கும். ஆகவே நாம் கிடுகுவேலி என்று பெயர் வைத்தது வேலியின் சட்டைக்குத்தான். அதன் உடம்பு மரம்.

அந்த மரத்துக்குப் பொருளாதாரப் பெறுமதி இருந்தது. சுண்ணாம்புக்கல்லின்மேல் மெல்லிய மண் படிந்த, ஆறில்லாத நிலம் எங்களுடையது. கிணற்றுத் தண்ணீரை நம்பிப் புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் செய்தவர்களுக்குப் பசளையே உயிர். வேலிக் குழையை வெட்டித் தோட்டத்திலும் வயலிலும் தாட்டார்கள். முருக்கங்குழை ஆட்டுக்குப் போனது. பூவரசந்தடி வீட்டு வேலைக்கும் விறகுக்கும் உதவியது. தோட்டம் செய்ய இடமில்லாத எல்லைக்கோட்டின்மேல் ஒரு தோட்டத்தை நிமிர்த்தி வைத்திருந்தார்கள் எனலாம். எனவே "உன்ர குழையோ என்ர குழையோ" என்ற சண்டை வெறும் மானப்பிரச்சினையன்று. அது பசளைக்கான சண்டையும் ஆகும்.

வேலி ஏன் இவ்வளவு பெருகிற்று என்பதற்கும் ஒரு கணக்குண்டு. எங்கள் பக்கத்துக் கணக்கில் 16 பரப்பு ஒரு ஏக்கர். சதுரமான ஒரு ஏக்கர் காணியைச் சுற்றி அடைக்க ஏறக்குறைய 250 மீற்றர் வேலி போதும். ஆண்பிள்ளைகளுக்கு முதுசமும் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமுமாக நான்கு பேருக்குப் பிரித்து, அந்த நால்வரும் தத்தம் நான்கு பிள்ளைகளுக்குப் பிரித்தால் இரண்டு தலைமுறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பரப்பு வரும். அந்தப் பதினாறு துண்டுகளையும் சதுரமாகவே வெட்டினாலும் உள்ளே மேலும் 380 மீற்றர் வேலி வேண்டும். நிலம் ஒரு குழிகூடக் கூடவில்லை. வேலி இரண்டரை மடங்காகிவிட்டது. கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்று உறுதிகள் நீண்டது இதனால்தான். வேலிச்சண்டைக்காரர் பெரும்பாலும் அந்நியரல்லர். ஒரே பேரனின் பிள்ளைகள்.

அடுத்தது சட்டம். உறுதிகளில் காணிக்குப் பெயர் இருக்கும். வளவு, புலம், தறை, சீமா என்று முடியும் அப்பெயர்களிற் பல ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு வரைக்கும் போகும். பரப்புக் கணக்கும் இருக்கும். நான்கு எல்லைகளுக்கோ அயலவரின் பெயர்தான் இருக்கும்: கிழக்கு இன்னார் காணி, வடக்கு இன்னார் காணி. நில அளவைப் படம் இல்லாத காணிகளே அதிகம். அதாவது என் நிலம் எங்கே முடிகிறது என்பதற்கு உறுதி தரும் பதில், "அயலவன் தொடங்கும் இடத்தில்" என்பது மட்டுமே. அந்த இடத்தைக் காட்டியது கதியால். "வேலிக்கு ஓணான் சாட்சி" என்று பழமொழி சொல்வது பரிகாசமாகத்தான். ஆனாலும் காகிதம் சொல்லாததை நிலத்தில் சொல்ல வேறு சாட்சி இருக்கவில்லை.

இதற்குமேல் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் வந்தது. பிறருடைய நிலத்தைப் பத்து வருடம் தடையின்றி, உரியவருக்கு எதிரான உரித்தோடு, அனுபவித்தவர் அதற்கு உரித்தாளியாகலாம் என்பது அதன் சாரம். வேலி அடைக்கும்போது கதியாலை ஒரு சாண் அரக்கி நட்டவரைக் கேளாமல் விட்டால் பத்து வருடத்தில் அந்தச் சாண் அவருடையது. எனவே சண்டை பிடிக்காதவர் நிலத்தை இழந்தார். எம்மவரின் வழக்காடும் குணத்தைப் பற்றிச் சிரிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. மௌனமாக இருந்த அயலவரைத் தண்டித்த சட்டம் அது. பிரக்கிராசிமாரும் அப்புக்காத்துமாரும் அதில் வாழ்ந்தார்கள் என்பதும் உண்மையே.

அதற்கு முந்திய தேசவழமை என்ன சொல்லிற்று? யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் உத்தியோகம் பார்த்த ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ், தேசாதிபதி சைமன்சின் உத்தரவின்பேரில் 1707இல் அதைத் தொகுத்தார். தமிழில் பெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமார் பார்த்துச் சரியென்றார்கள். பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் அதைச் சட்டமாக உறுதிப்படுத்தினர். மரங்களைப் பற்றி அதில் தனியே பேசப்படுகிறது. நிலம் ஒருவருடையதாகவும் அதில் நிற்கும் மரம் இன்னொருவருடையதாகவும் இருக்கலாம் என்பதை அது ஏற்றுக்கொள்கிறது. நிலக்காரருக்கும் நட்டவருக்கும் பலனைப் பங்கிட வழி சொல்கிறது. எல்லையோர மரம் அயற்காணிக்குள் சாய்ந்தால் பலன் யாருக்கு என்ற கேள்வியையும் எடுக்கிறது. காணி விற்பவர் முதலில் அறிவிக்கவேண்டியவர்களின் வரிசையில், உரித்தாளிகள், பங்காளர்களோடு, அக்காணியை ஈடாக வைத்திருக்கும் அயற்காணிக்காரரையும் சேர்க்கிறது. அயலவர் என்பவர் எல்லைக்கு அப்பாலுள்ள ஓர் ஆள் மாத்திரமல்லர், நிலத்தோடு உறவுடையவர் என்ற எண்ணம் இதிலே தெரிகிறது.

இதைச் சொல்லிவிட்டுப் பெருமைப்பட முடியாது. மரத்தை நட்டவரின் உரிமையை இவ்வளவு நுணுக்கமாகப் பேசும் அதே ஏட்டில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. கோவியர், நளவர், பள்ளர் ஆகியோர் அங்கே உடைமையாகப் பதியப்பட்டுள்ளனர். மரம் யாருடையது என்று கேட்ட சட்டம், மரம் ஏறியவனே யாருடையவன் என்றும் கேட்டது. இலங்கையில் அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்த பின்னரும் அம்மக்களிற் பெரும்பாலோர் பிறர் காணியிலே குடியிருந்தார்கள். வேலி என்றால் அதற்குள் ஒரு காணி இருக்கவேண்டும். காணியில்லாதவருக்கு அயலவருரிமை ஏது? அவர்கள் பிறருடைய வேலிகளை அடைத்தார்கள். எல்லை மரத்தின் சரித்திரத்தை எழுதும்போது இந்த வரியை விட்டுவிட்டு எழுதக்கூடாது.

இனி நான் வாழும் நாட்டுக்கு வருகிறேன். தொழிற்சாலையில் என்னோடு ஒரே வரிசையில் நிற்கும் யேர்மன்காரர் ஒருவர் இடைவேளையில் ஒரு கடிதத்தைக் காட்டினார். அவருடைய தூயா மர வேலி எல்லைக்கு முப்பது சென்ரிமீற்றர் அருகே நிற்கிறது, அதை அகற்றவேண்டும் என்று அயலவரின் வழக்கறிஞர் எழுதியிருந்தார். எங்கள் நோட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தின் 1969ஆம் ஆண்டு அயலவர் சட்டத்தின்படி, இரண்டு மீற்றர் வரை உயரமுள்ள உயிர்வேலி எல்லையிலிருந்து அரை மீற்றர் தள்ளியும், அதற்கு மேற்பட்டது ஒரு மீற்றர் தள்ளியும், ஓக், லிண்டன் போன்ற பெருமரம் நான்கு மீற்றர் தள்ளியும் நிற்கவேண்டும். ஆனால் நட்டு ஆறு வருடத்துக்குள் வழக்கு வைக்காவிட்டால் அகற்றக் கோரும் உரிமை போய்விடும். அவர் நட்டு ஏழாவது வருடம். தப்பினார். பத்து வருடச் சட்டத்தைத் தெரிந்த எனக்கு இந்த ஆறு வருடம் புதிதாகத் தோன்றவில்லை.

அதன்பிறகு வாசித்துப் பார்த்தேன். 1900 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள யேர்மன் குடியியற் சட்டக்கோவையில் இதற்கென்றே பிரிவுகள் உள்ளன. 910ஆம் பிரிவின்படி, அயல் மரத்தின் கொப்பு என் நிலத்துக்கு இடைஞ்சலாக வந்தால், நியாயமான அவகாசம் கொடுத்தும் அவர் வெட்டாதபோது நானே வெட்டலாம். 911ஆம் பிரிவின்படி, அயல் மரத்திலிருந்து என் நிலத்தில் தானாக விழுந்த பழம் என்னுடையது; எட்டிப் பறித்தால் களவு. 923ஆம் பிரிவு சரியாக எல்லைக்கோட்டின்மேல் நிற்கும் மரத்தைப் பற்றியது: பழமும், மரம் சாய்ந்தால் அதன் தடியும், இருவருக்கும் சரிபாதி. இச்சட்டங்களின் வேர் ஆழமானது. 13ஆம் நூற்றாண்டில் ஐக்கே பொன் ரெப்கோ எழுதிய சக்சன் சட்டநூலில், வேலி தாண்டிய ஹொப்பன் கொடியை, வேரை வைத்திருப்பவர் வேலியில் நின்று எட்டியமட்டும் தன்பக்கம் இழுக்கலாம், எஞ்சியது அயலவருக்கு என்று ஒரு விதி இருக்கிறது.

இதைவிடப் பழையது உரோமருடையது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பன்னிரண்டு பலகைச் சட்டத்திலேயே, அயல் நிலத்தின்மேல் தொங்கும் கொப்புகளைப் பதினைந்து அடி உயரம்வரை கழிப்பது பற்றிய விதி உண்டு. ஆனால் விழுந்த பழம் உரோமரிடம் மரக்காரருக்கே உரியது. அதைப் பொறுக்க அவரை இரண்டு நாளுக்கொரு முறை உள்ளே விடவேண்டும். யேர்மனியர் பழத்தை விழுந்த மண்ணோடு சேர்த்தார்கள்; உரோமர் வேரோடு சேர்த்தார்கள். இந்த உரோமச் சட்டம் ஒல்லாந்தரின் சட்டத்தோடு கலந்து, 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த அதே ஒல்லாந்தக் கும்பனியின் கப்பல்களில் எங்கள் நாட்டுக்கும் வந்தது. தேசவழமை மௌனமாக இருக்கும் விடயங்களில் இன்றும் இலங்கையில் உரோமன் டச்சுச் சட்டமே பேசுகிறது. ஆகவே என் சக தொழிலாளியின் தூயாவுக்கும் எங்கள் வளவு மாமரத்துக்கும் ஒரு தூரத்துச் சொந்தம் இருக்கிறது.

இரு நாட்டிலும் நான் கண்ட ஒற்றுமை ஒன்றுண்டு. எல்லை மரத்தைப் பற்றிய விதிகளெல்லாம் அயலவர் இருவரும் அவ்விடத்தில் இருக்கிறார்கள் என்ற எடுகோளில் கட்டப்பட்டவை. அவகாசம் கொடு என்றால் கொடுக்க ஒருவரும் கேட்க ஒருவரும் வேண்டும். திருத்த வேலைக்காக அயலவர் நிலத்தில் ஏணி வைக்கும் உரிமை இங்கே சட்டத்தில் இருக்கிறது. சுத்தியல் ஏணி உரிமை என்று பெயர். எங்களூரில் அது வழக்கத்தில் இருந்தது. வேலி பிரிக்குமுன் பக்கத்து வளவு ஆச்சி வந்து, "நாளைக்கு வேலி பிரிக்கப்போறம் மோனை, கிணத்தடியில குளிக்கிற பொம்பிளைப் பிள்ளையளிட்டச் சொல்லிவிடு" என்பார். இரண்டு நாள் இரு வளவும் ஒரே வளவாகக் கிடக்கும். அடைத்து முடிந்தாலும் ஆள் நுழைய ஒரு பொட்டு விடப்படும். கறியும் நெருப்பும் செய்தியும் அதனூடாகவே போய்வந்தன. பொட்டு அடைபட்டால் அயலுக்குள் கோபம் என்று ஊருக்குத் தெரியும். இங்கே பல அயலவர் பிணக்குகள் கோட்டுக்குப் போகுமுன் சமரசரிடம் போகவேண்டும். இலங்கையிலும் 1958இல் இணக்கசபைகளும் 1988இல் மத்தியஸ்த சபைகளும் சட்டத்தால் உருவாயின. எல்லாவற்றுக்கும் இரண்டு பேர் ஒரு மேசைக்கு வரவேண்டும்.

யுத்தம் இந்த எடுகோளை உடைத்தது. 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் சனம் வெளியேறியபோது வேலியின் இரு பக்கமும் ஒரேயடியாக வெறுமையாகின. பனைகள் பதுங்குகுழி மூடப் போயின; உயர்பாதுகாப்பு வலயங்களில் வேலிகளும் வீடுகளும் சேர்த்துத் தள்ளப்பட்டன. பல வருடங்களின் பின் விடுவிக்கப்பட்ட காணிக்குத் திரும்பியவர்கள் உறுதியோடு போய் நின்று, எல்லை எது என்று தெரியாமல் கிணற்றைத் தேடினார்கள். உறுதி அயலவரின் பெயரைச் சொல்லிற்று. அயலவர் கனடாவில் இருந்தார். அயலவரும் கதியாலும் இல்லாதபோது காகிதம் ஊமையாகிவிடும் என்பதை எந்தச் சட்டப் புத்தகத்தையும்விட அந்தக் காட்சி நன்றாக விளக்கும். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம், ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் தம் உரிமையைக் கோர முடியாதிருந்தவர்களுக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கெடுக்கக்கூடாது என்றது. யுத்த காலத்துக்குச் சட்டம் காட்டிய சலுகை அது. 2009க்குப் பிறகான காலத்துக்கு அச்சட்டத்தில் சலுகை இல்லை.

இங்கேதான் எம்முடைய பொறுப்பு வருகிறது. ஊரில் இன்று பூட்டிக்கிடக்கும் வளவுகள் பல எங்களுடையவை. எங்கள் தேங்காய் அயலவரின் ஓட்டில் விழுகிறது. எங்கள் சருகு அவர்களின் பீலியை அடைக்கிறது. எங்கள் பற்றைக்குள் இருந்து அவர்கள் வீட்டுக்குப் பாம்பு போகிறது. அதற்கு நாம் கண்டுபிடித்த தீர்வு மதில். வெளிநாட்டுக் காசில் கதியாலைப் பிடுங்கி ஆறடிக்குக் கல்லை அடுக்கிவிட்டால் எல்லைப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறோம். மதில் குழை தராது. அதில் பொட்டு விட முடியாது. மதிலுக்கு மேலால் கொப்பு போவதை அது தடுப்பதுமில்லை. கிடுகுவேலியைத் திட்டிய நாமே, கிடுகைவிடக் கெட்டியான ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது விவாதத்துக்குரியது.

மதிலுக்குப் பதிலாகச் செய்யக்கூடியது சிறியது. அயலவருக்கு ஒரு கடிதம். எல்லை தாண்டிய கொப்பை வருடாவருடம் மாரிக்கு முன் வெட்டலாம். வெட்டிய தடியும் குழையும் அந்தப் பக்கத்துப் பழமும் அவருக்கே. பட்டுப்போன கதியாலுக்குப் பதில் அதே இடத்தில் புதிது நட்டால் செலவில் பாதி எங்களுடையது. பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திடவேண்டும். இதில் தர்மம் மட்டுமல்ல, புத்தியும் இருக்கிறது. உரியவரின் அனுமதியோடு நடக்கும் அனுபோகம் எதிர் உரித்து ஆகாது. எழுதிக் கொடுத்தவரின் எல்லை எழுதாதவரின் எல்லையைவிடப் பத்திரமானது. ஆனால் நான் எழுதியது அதற்காக அன்று. தன் கூரைக்குமேல் ஆபத்தை வைத்துக்கொண்டு ஒன்றரை வருடம் என் அனுமதிக்குக் காத்திருந்த மனிதர், சட்டம் தராத ஒரு மரியாதையை எனக்குத் தந்தார். எங்கள் மூவரின் கையெழுத்தோடு கடிதம் போய்விட்டது. கொப்பும் வெட்டியாயிற்று.

உறுதியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு இந்நாடுகளில் வாழ்பவர்கள் நம்மில் அநேகர். உங்கள் எல்லை மரம் இப்போது யாருடைய கூரைமேல் நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? மாற்றுக் கருத்துடையோர் எழுதவேண்டும். எழுதுமுன் ஊருக்கு ஒருதரம் தொலைபேசி எடுத்து அயலவரைக் கேட்டுவிட்டு எழுதினால் நல்லது.